.223-உம் 5.56-உம் ஒன்றல்ல

அமெரிக்காவில் கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு காட்டு விலங்கு) வேட்டைக்கு எடை குறைந்த துப்பாக்கி தேடுவோரிடம் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: ".223 ரெமிங்டன், 5.56 நேட்டோ இரண்டும் ஒரே தோட்டாதான், எதில் எதையும் சுடலாம்." இது தவறு, ஆபத்தும்கூட.

வெளித்தோற்றத்தில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். .223 துப்பாக்கியின் அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) 5.56 தோட்டா தடங்கலின்றிப் போய் உட்காரும், சிக்கலே அதுதான். 5.56 அறையில் குண்டுக்கு முன்னால், குழலின் உட்புறச் சுருள் வரிப்பள்ளம் தொடங்கும்வரை கூடுதல் இடம் உண்டு. .223-இல் அது குறைவு என்பதால், அங்கே 5.56-ஐச் சுட்டால் அழுத்தம் எல்லை மீறலாம். 5.56 என்று பொறித்ததில் .223 சுடுவது சரி.

இலகுரக போல்ட் துப்பாக்கிகள் (ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுபவை) பல .223-க்கே செய்யப்பட்டவை. குழலில் பொறித்திருப்பதைப் படியுங்கள், அப்புறம் கையேட்டையும். அமெரிக்கத் தோட்டாத் தர நிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வெளியிடும் பாதுகாப்பற்ற சேர்க்கைகளின் பட்டியலிலும் .223 துப்பாக்கியில் 5.56 தோட்டாவைப் போடுவது இருக்கிறது. அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.