தண்ணி பட்டுருச்சாம்!

நேற்று ராத்திரி எட்டரை மணிக்கு அந்தக் குறுஞ்செய்தி வந்தது. என் லேப்டாப்பில் 'திரவச் சேதம்' இருக்கிறதாம். அதனால் ஹெட்போன் ஜாக்கை வாரண்டியில் மாற்றித் தர முடியாதாம், காசு கட்ட வேண்டுமாம். திரவமா? யார் ஊற்றியது? அந்த லேப்டாப் பக்கத்தில் நான் ஒரு டீ கிளாஸ்கூட வைத்தது கிடையாது. ஐயா, நாங்கள் இருப்பது ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில். வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். கொடியில் காயப்போட்ட சட்டை வெயிலிலேயே பிசுபிசுக்கும். ஜன்னல் கொக்கி துருவேறி உதிரும். இங்கே காற்றே திரவம்தான்!

ஆடிக் காற்றில் ஆரம்பித்தது இந்தக் கூத்து. பாட்டுப் போட்டால் தபலா கேட்கிறது, வயலின் கேட்கிறது, பாடுகிற ஆளைக் காணோம். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி அவர் குரலின் மிச்சம் மட்டும். சரி, பாட்டுதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் காலை மீட்டிங்கில் ஆறு பேர் வாயசைக்கிறார்கள், ஒரு சத்தமும் இல்லை. பிளக்கை உருவினால் ஸ்பீக்கராவது பேச வேண்டுமே? அதுவும் ஊமை. உருவின வயர் என் கையில் தொங்குகிறது, லேப்டாப்போ ஹெட்போன் மாட்டித்தான் இருக்கிறது என்று திரையில் படம் காட்டிச் சாதிக்கிறது.

உதவி மையத்துக்குப் போன் போட்டேன். "சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" பார்த்தேன். சத்தத்தை ஓட்டும் மென்பொருளான டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். போட்டேன். ட்ரபிள்ஷூட்டர் ஓட்டுங்கள். ஓட்டினேன். கோளாறு எதுவும் இல்லை என்று அது நற்சான்றிதழ் கொடுத்தது. அடுத்த நாள் வேறொருவர், மறுபடியும் ரீஸ்டார்ட்டிலிருந்து. மூன்றாவது ஆள் விண்டோஸையே புதிதாகப் போடச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

டிரைவரைப் பார்ப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்டேட் ஆன மறுநாள் சத்தம் போனால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். சத்தம் போகும் இடம் மாறி, ஹெச்டிஎம்ஐ வயரில் மாட்டியிருக்கும் மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்றால் பேலன்ஸ் ஒரு பக்கம் நகர்ந்திருக்கலாம். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் பிளக்கைத் திருகினால் சத்தம் வந்து வந்து போகிறது என்று மூன்று பேரிடமும் சொன்னேனே! விரலால் திருகினால் மாறுகிற கோளாறு எந்த டிரைவரில் இருக்கிறது? அவர்கள் கையில் இருக்கும் தாளில் 'திருகு' என்ற வார்த்தை இல்லை போல.

கடைசியில் கண்டுபிடித்தது சித்தப்பா. விசைப்படகுகளுக்கு பேட்டரி, வயரிங் பார்க்கிறவர். செல்போன் டார்ச்சை அந்த ஓட்டைக்குள் அடித்தார். "களிம்புடா. உள்ள பச்சை பூத்துக் கெடக்கு, பாரு." அவ்வளவுதான். விண்டோஸ் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

பிளக்கை எடுத்துப் பாருங்கள், கறுப்புக் கோடுகள் பிரித்த நான்கு துண்டு இருக்கும். நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் பொதுவான எர்த், கடைசி மைக்குக்கு. இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் இந்த வரிசைதான். எர்த் தொடாமல் போனால் மின்சாரம் ஒரு காது வழியாகப் போய் மறு காது வழியாகத் திரும்பும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சத்தம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பாடுகிறவர் குரலை வழக்கமாக நடுவில்தான் வைப்பார்கள், அதாவது இரு பக்கமும் சமமாக. அதனால்தான் அவரைக் காணோம், ஒரு பக்கம் தூக்கலாக வைத்த தபலாவும் வயலினும் மட்டும் தப்பித்தன. மீட்டிங் குரலோ இரண்டு காதிலும் அச்சு அசல் ஒன்றே, மொத்தமும் போச்சு. பிளக் நுழைந்ததா இல்லையா என்று சொல்லவும் உள்ளே ஒரு சின்னத் தகடு உண்டு. அதுவும் உப்பில் ஒட்டிக்கொண்டது. அதனால் ஸ்பீக்கருக்கும் வாய்ப்பூட்டு.

லேப்டாப்பை அணைத்து, பிளக்கில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி, பத்துத் தடவை சொருகி எடுத்தார். பாடகர் திரும்பி வந்தார்! பதினொரு நாள். அப்புறம் மறுபடியும் கிணற்றுக்குள் போய்விட்டார்.

வாரண்டிதான் இருக்கிறதே என்று மதுரை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஏறக்குறைய 150 கிலோமீட்டர். அங்கே வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியதுதான் அந்தக் குறுஞ்செய்தி. நான் போனில் கத்தினேன், "தண்ணி படல, உப்புக் காத்து!" அந்தப் பக்கம், "சார், ரெண்டுக்கும் எங்க சிஸ்டத்துல ஒரே கோட் நம்பர்தான்."

1914-ல் திறந்த பாம்பன் பாலத்தையே உப்பு அரித்துத் தின்று, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட்டார்கள். கடலுக்கு மேலே உப்பு இருக்கும் என்று ரயில்வேக்குத் தெரிகிறது. 3.5 மில்லிமீட்டர் ஓட்டை செய்கிறவனுக்கு மட்டும் உலகமே ஏசி அறை!

"ப்ளூடூத் வாங்குங்களேன்" என்கிறார் மேனேஜர். வாங்காமலா? பாட்டு கேட்கிறவரை தேன். மீட்டிங்கில் மைக்கைத் திறந்ததும் அது பேச்சு முறைக்குத் தாவும். பாட்டுக்கு விநாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள் எடுத்தது, வழக்கமாக 16,000-க்கோ 8,000-க்கோ இறங்கிவிடும். தகர டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

இப்போது தங்கச்சி லேப்டாப்பில் ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டைச் சொருகி, அதில் ஹெட்போனை மாட்டி ஓட்டுகிறேன். வேலை முடிந்ததும் கார்டையும் ஹெட்போனையும் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வை என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அம்மாவிடம் டப்பா கேட்டேன், கழுவித்தான் கொடுத்தாள். இன்று காலை மீட்டிங் முழுக்க, காதோரம் நெத்திலிக் கருவாட்டு வாசம்.