யாரிடம் சொல்வது என்பதை நோயாளியிடமே கேட்கலாம்
இதயச் செயலிழப்பு (இதயம் போதிய இரத்தத்தை உந்த இயலாத நிலை) முற்றியவரிடம் குடும்பத்தார் உண்மையை மறைப்பதே வலியையும் துன்பத்தையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சைக்குப் பெருந்தடை என்று நான் படித்த கட்டுரை ஒன்று கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. குடியாத்தத்தில் என் பெரியப்பா, தம் நிலையை ஓரளவு உணர்ந்தே, 'எதுவானாலும் பெரியவனிடம் சொல்லுங்கள்' என்று மருத்துவரிடம் தாமே கூறினார். அதை மறைப்பு என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. எவ்வளவு அறிய விரும்புகிறார், யார் உடனிருக்க வேண்டும் என்பதை நோயாளியிடமே முதலில் கேட்பதுதான் முறை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், தணிப்புச் சிகிச்சை தேவைப்படும் வயதுவந்தோரில் 38.5 விழுக்காட்டினர் இதய, இரத்தநாள நோயாளிகள் (புற்றுநோயாளிகள் 34 விழுக்காடு) என்னும்போது, இப்பேச்சைக் கடைசி வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது. எடுத்துக்காட்டாக, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் ரமலான் நோன்பிருக்க விரும்பும் இதய நோயாளி, சிறுநீர் பிரிவதற்கான மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டால் உடலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் கூடும். ஆகவே அவரும் வீட்டாரும் மருத்துவரும் நோன்பு தொடங்கும் முன்பே கலந்து பேசிவிட வேண்டும்.