பிலாவிலைக்கா பஞ்சம்?

தங்கச்சியின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு நான் காட்டின அறிவாளித்தனத்தைச் சொல்லியே ஆகணும். பிளாஸ்டிக் கரண்டியே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று, ஆன்லைனில் ‘மக்கும் கரண்டி’ இருநூறு வாங்கினேன். வெள்ளை வெளேரென்று அச்சு அசல் பிளாஸ்டிக் மாதிரியே இருந்தது. அப்பவே சுதாரித்திருக்கணும். இறக்கின சூட்டோடு சிறுபயறு பாயாசம் வந்தது. கரண்டியை விட்டதும் வாடின கீரைத்தண்டு போல வளைந்துவிட்டது.

பிறகுதான் விசாரித்தேன். மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்ற பொருளாம் அது. 60 டிகிரி பக்கம் சூடு வந்தாலே இளகும். மக்கணும் என்றாலும் கிட்டத்தட்ட அதே சூடு வேணும், அதுவும் உரம் தயாரிக்கிற ஆலையில், வாரக்கணக்கில். கரண்டிகளை நான் புதைத்த தென்னந்தூர், அதாவது தென்னை மரத்தடி, அவ்வளவு சூட்டுக்கு எங்கே போகும்? இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் கழிந்து தோண்டிப் பார்த்தேன். கழுவி வைத்தது போல வந்தது.

பால்காய்ச்சு அன்றைக்குக் கைகொடுத்தது மாமிதான். “இதென்ன மக்களே, பிலாவிலைக்கா பஞ்சம்?” என்று சொல்லிக்கொண்டே வாரியலிலிருந்து நாலு ஈர்க்கில் உருவினார்கள். முத்தின பலா இலை, அடிப்பக்கத்தை மடக்கிக் கோட்டி, ஒடித்த ஈர்க்கிலால் ஒரு குத்து. கரண்டி ரெடி. பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் எல்லாம் கோட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நம்ம பாட்டன்மார் கஞ்சி கோரிக் குடித்தது இதில்தானே. பயினிக்கு, அதாவது பதநீருக்கு, பனையோலைப் பட்டை, கறி கோர சிரட்டைத் தவி (அகப்பை). எல்லாம் தோட்டத்துச் சாமான்.

ஆயிரம் பேர் கல்யாணத்துக்கு பிலாவிலை நடக்காது, தெரியும். பாக்குமட்டைத் தட்டு நல்ல சாமான்தான். உதிர்ந்த மட்டையை நனைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு, பசைகூட வேண்டாம். ஆனால் பேப்பர் கப்பை நம்பாதீங்க, உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் அதுக்கும் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கு. 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் கரண்டி, முள்கரண்டி, உறிஞ்சுகுழல் எல்லாம் நாடு முழுக்கவே தடை. ஆனாலும் நான் போகிற பந்திகளில் ஐஸ்கிரீமோடு அந்தக் கரண்டி வந்துவிடுகிறது. சுசீந்திரம் பக்கம் பழையாற்றில் விழுந்தால், அடுத்த மழைக்கு மணக்குடி கழிமுகப் பொழியைத் தாண்டிக் கடலுக்குள்ளே.

என்னைக் கேட்டால் மாற்றுக் கரண்டி தேடுவதே பாதி தேவையில்லாத வேலை. போளியைப் பிய்த்து இலையில் போட்டு, மேலே பாயாசத்தை விட்டுக் கையால் குழைத்து அடித்த ஊருக்கு, பாயாசம் எப்போது கப்புக்குள் போச்சு? கரண்டி வேணும் என்றால் வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் கிடைக்குது. சமையல்காரர்கள் சொல்கிற தடை ஒன்றுதான், கழுவ ஆளில்லை. சரி, கப்புக்கும் கரண்டிக்கும் கொட்டுகிற காசில் கழுவ ரெண்டு பேருக்குக் கூடுதல் கூலி கொடுங்களேன். நாம ‘மாற்று’ என்று தேடுவது முக்கால்வாசி கழுவுகிற வேலையிலிருந்து தப்பிக்கத்தான். நான் இருநூறு கரண்டி வாங்கினதும் அதுக்குத்தான், ஒத்துக்கிறேன்.

ஆவணியில் அண்ணன் மகன் கல்யாணம். எவர்சில்வர் டம்ளருக்கு அண்ணன் சம்மதிச்சாச்சு. ஐஸ்கிரீம்தான் இழுபறியில் இருக்கு. வேண்டாம் என்றால் பெண்வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று மதினி கேட்கிறார்கள்.