யோசனைப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது?

எங்கள் கம்பெனியில் மறுபடியும் ஐடியா கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இந்த முறை பெட்டி இல்லை, க்யூஆர் கோடு. டைம் ஆபீஸ், கேன்டீன் வாசல், கை கழுவும் இடம் என்று பார்க்கும் சுவரிலெல்லாம் ஒட்டியிருக்கிறது. புது புராஜெக்டுக்கு யோசனை சொன்னால் ஸ்மார்ட் வாட்ச் பரிசாம். நல்ல விஷயம்தான், குறை சொல்ல வரவில்லை. (சரி, கொஞ்சம் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.)

ஐடியா கேட்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. வந்ததை உட்கார்ந்து படித்து, "இதைச் செய்யலாம்", "இது முடியாது, காரணம் இது" என்று சொன்னவனிடமே போய்ப் பதில் சொல்வதுதான் வேலை. அந்த வேலைக்கு மட்டும் எங்கேயும் ஆள் போடுவதில்லை. மொத்தம் எத்தனை ஐடியா வந்தது என்று ஸ்லைடில் ஒரு எண்ணைப் போட்டுக் கைதட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஓசூர், அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனிகளில் இருந்தவர்களுக்குக் கைசன் ஷீட் (வேலையில் செய்த சின்ன முன்னேற்றத்தை எழுதும் தாள்) தெரிந்திருக்கும். இடது பக்கம் 'முன்', வலது பக்கம் 'பின்', இரண்டு போட்டோ, கீழே எவ்வளவு ரூபாய் மிச்சம் என்று ஒரு கட்டம். ஆளுக்கு மாதம் ஒன்று டார்கெட். தேதி 28 ஆனால் சூப்பர்வைசர் ஷீட்டுக் கட்டோடு உட்கார்ந்து எல்லார் பேரிலும் அவரே எழுதித் தள்ளுவார். ஸ்பேனர் போர்டுக்கு லேபிள் ஒட்டினோம், தரையில் மஞ்சள் கோடு அடித்தோம். ஏற்கெனவே ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்துவிட்டு 'முன்' போட்டோ எடுத்ததைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆடிட் வரும்போது ஃபைல் தடியாக இருக்கும். மெஷினுக்கு அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் டொயோட்டா முறை என்பார்கள். அவர்களே இதை ஃபோர்டிடம்தான் பார்த்தார்கள். டொயோட்டா நிர்வாகிகளான எய்ஜி டொயோடாவும் ஷோய்ச்சி சைட்டோவும் 1950-ல் அமெரிக்கா போய் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்தார்கள், 1951-ல் தங்கள் ஆலையில் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் ஆலோசனைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கே வந்தவற்றில் முக்கால்வாசி சின்னச் சின்ன யோசனைகள், பரிசும் சின்னத் தொகை. ஆனால் பக்கத்தில் நிற்கும் மேலாள் அதைப் படித்தார், செய்து பார்க்க விட்டார். நாம் ஷீட்டை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

அதற்கும் முன்னால் 1721-ல் ஜப்பானிய ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) யோஷிமுனே எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், பொதுமக்களுக்காக ஒரு மனுப் பெட்டி வைத்தார். பேர், முகவரி இல்லாத சீட்டுக்கு மதிப்பில்லை. பெட்டியின் சாவி அவரிடமே இருந்தது. ஒகாவா ஷோசென் என்ற மருத்துவர் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை வேண்டும் என்று எழுதிப் போட்டார். 1722-லேயே எடோவின் கொய்ஷிகாவா பகுதியில் அது வந்துவிட்டது. நம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்தால்கூட நம்பர் போட்டு ஒரு ரசீது கிடைக்கிறது. க்யூஆர் கோடில் போட்டதற்கு "நன்றி" என்று ஒரு பச்சை டிக் மட்டும்தான்.

மதிப்பிடும் கட்டத்தில் நடப்பது இன்னும் மோசம். எங்கள் பேக்கிங்கில் ஒரு காண்ட்ராக்ட் அக்கா இருக்கிறார். "சார், இந்த பின் பெட்டியை ஒரு முழம் தூக்கி வெச்சா நாள் பூரா குனிய வேணாம்ல?" என்றார். நூற்றுக்கு நூறு சரி. அவருக்கு எம்ப்ளாயி நம்பர் கிடையாது, எனவே சிஸ்டம் அவரை உள்ளேயே விடவில்லை. என் நம்பரில் அவர் பேரைக் குறிப்பிட்டுப் போட்டேன். மிச்சமாகும் தொகைக் கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. 'சேவிங்ஸ் இல்லை' என்று திரும்பி வந்தது. கடைசியில் வெல்டிங் ஷாப் பையன் ஒருவன் ஸ்கிராப் ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தான். எந்த ஃபைலிலும் அது இல்லை. இடுப்பு வலிக்கு எந்தக் கட்டத்தில் ரூபாய் எழுதுவது என்று கமிட்டியில் யாராவது சொன்னால் தேவலை.

சின்ன யோசனைக்கும் புது புராஜெக்டுக்கும் ஒரே தராசு வைப்பது அடுத்த கோளாறு. கோடாக் கம்பெனி 1898-லேயே ஆலோசனைத் திட்டம் கொண்டுவந்தது. ஜன்னல்களைச் சுத்தமாக வைத்தால் வெளிச்சம் வரும் என்று சொன்ன தொழிலாளிக்கு இரண்டு டாலர் கொடுத்தார்கள். அதே கம்பெனியில் ஸ்டீவ் சாசன் என்ற இன்ஜினியர் 1975-ல் டிஜிட்டல் கேமராவையே செய்து காட்டினார். ஃபிலிம் விற்றுச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் அதை மதிப்பிடும் பொறுப்பு இருந்தால் என்ன ஆகும்? 2012-ல் கோடாக் திவால் மனு போட்டது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு ஐடியா வந்தால் யாருடைய பிழைப்பு ஆட்டம் காணுமோ, அவர் கையிலேயே அதன் மார்க் ஷீட்டைக் கொடுக்கக் கூடாது.

அடோபி என்ற சாஃப்ட்வேர் கம்பெனி இதற்கு ஒரு வழி செய்தது. கேட்கிற ஊழியருக்கு ஒரு சிவப்புப் பெட்டி, உள்ளே ஆயிரம் டாலர் ஏற்றிய கார்டு. மேலதிகாரியிடம் போய் நியாயம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், முதலில் முயன்று பார். ஆயிரம் டாலர் நமக்கு வேண்டாம். பத்தாயிரம் ரூபாயும், இரண்டு ஷிஃப்ட் மெஷின் நேரமும் கொடுத்தால் போதும், பாதி ஐடியாவின் யோக்கியதை கமிட்டி கூடுவதற்குள்ளேயே தெரிந்துவிடும். அக்கவுண்ட்ஸில் "பில் எங்கே?" என்பார்கள். கேட்கட்டும், பில்லைக் கொடுத்துவிட்டால் போகிறது.