ஆரஞ்சு வானமும் ஜெம்பேயும் போதும்

ஆப்பிரிக்க இசையைக் கேட்டு ஓவியம் வரையச் சொன்னால் பலருடைய கையிலிருந்தும் ஒரே படம்தான் வருகிறது. ஆரஞ்சு வானம், தட்டையாக விரிந்த ஒரு மரம், அதனடியில் ஜெம்பே என்ற கைமுரசை அடிக்கும் ஒரு கறுப்பு நிழலுருவம். ஓட்டல் வரவேற்பறையிலும் காலண்டரிலும் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. வரைந்தவர் கேட்டது மாலி நாட்டுப் பாட்டா, காங்கோ பாட்டா, நைஜீரியப் பாட்டா? படத்தை எத்தனை முறை பார்த்தாலும் தெரியாது. இன்னொரு படத்தைப் பார்த்து வரைந்த படம் அது. காதுக்கு அதில் வேலையே இல்லை.

இசை ஒரு ஓவியனுக்கு உண்மையில் என்ன தரும் என்ற பேச்சு வந்தால் நான் லெமி காரியோக்வுவின் பெயரைத்தான் சொல்வேன். 1955இல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். ஓவியத்தைத் தானாகவே கற்றுக்கொண்டவர். அவர் வரைந்த புரூஸ் லீ படம் ஒன்று லாகோஸில் ஒரு மதுக்கடையில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்த ஒரு பத்திரிகையாளர் அவரைத் தேடிப் பிடித்து, நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியின் உருவத்தை வரையச் சொல்லி, பிறகு ஃபெலாவிடமே அழைத்துச் சென்றார். அது 1974. பையனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. படத்தைப் பார்த்து மகிழ்ந்த ஃபெலா அவர் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பணம் கொடுக்க, இது மனதாரக் கொடுத்தது என்று சொல்லி லெமி வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு, தன் நிகழ்ச்சிகளுக்கு எப்போது வேண்டுமானாலும் இலவசமாக வரலாம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் ஃபெலா. என்னைக் கேட்டால், ஒரு ஓவியனுக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.

காரணம் ஃபெலாவின் வழக்கம். புதுப் பாட்டை முதலில் மேடையில் வாசித்து வாசித்தே வளர்ப்பார். இசைத்தட்டில் பதிவாகிவிட்டால் அதன்பின் அதை மேடையில் தொடமாட்டார். ஆகவே தட்டை வாங்கியவர்கள் முடிந்த பாட்டைக் கேட்டார்கள். லெமியோ அது உருவாகும்போதே கூட இருந்தார். எந்த வரிக்குக் கூட்டம் சிரித்தது, எந்த வரிக்கு ஆத்திரப்பட்டது என்பதெல்லாம் தெரிந்தபிறகுதான் தூரிகையை எடுத்தார். ஃபெலாவுக்காக மட்டும் 26 இசைத்தட்டு அட்டைகள் வரைந்திருக்கிறார்.

முதல் அட்டை 'அலக்பான் குளோஸ்'. ஃபெலாவைப் பிடித்து அடைத்துவைத்த காவல்துறைக் காவலறை இருந்த தெரு அது. அட்டையில் ஃபெலா விலங்கை அறுத்துக்கொண்டு ஆடுகிறார். கீழே தண்ணீரில் ஒரு திமிங்கலம் போலீஸ் படகைக் கவிழ்க்கிறது. பாட்டில் திமிங்கலம் ஏது? அது ஓவியர் சேர்த்தது. பாட்டு எதன்மேல் கோபப்படுகிறது என்று புரிந்துவிட்டால், அதே கோபத்தை வேறு உருவத்தில் தொடர உரிமை வந்துவிடுகிறது. வரிக்கு வரி படம் போடுவது பாடப்புத்தக வேலை.

எனக்கு மிகவும் பிடித்தது 1976இல் வந்த 'யெல்லோ ஃபீவர்'. களிம்பு பூசித் தோலை வெளுக்க வைத்துக்கொள்ளும் மோகத்தைக் கேலி செய்யும் பாட்டு. அட்டையில் இருப்பவள் அப்படி வெளுத்துத் திட்டுத்திட்டாக நிறம் மாறிப்போன ஒரு பெண். யோசித்துப் பாருங்கள்: பாட்டின் விஷயமே நிறம். ஓவியன் நாள் முழுதும் தட்டில் குழைப்பதும் நிறம்தான். கறுப்புத் தோலுக்கு எந்தப் பழுப்பு, எந்தச் சிவப்பு, வெந்துபோன தோலுக்கு எந்த மஞ்சள் என்று முடிவெடுக்கும்போதே அவன் அந்த விவாதத்துக்குள் நிற்கிறான். சிவப்பழகு விளம்பரங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்த அட்டையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. (அந்தப் பெண்ணை மட்டும் கேலிப் பொருளாக்கி, களிம்பு விற்றவனை எளிதாக விட்டுவிட்டார்கள் என்ற மனக்குறை எனக்கு உண்டு. பாட்டின்மேலும், படத்தின்மேலும்.)

இனி வெறும் இசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஃபெலா வளர்த்தெடுத்த ஆஃப்ரோபீட் பாணிப் பாட்டில் குரல் சீக்கிரம் வராது. அவர் குழுவின் டோனி ஆலன் வாசிக்கும் டிரம்ஸ், காங்கா என்ற உயர்ந்த முரசு, குலுக்கும் சுரைக்குடுவை, ஒரே சிறு துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கிட்டார்கள், அதன்மேல் சாக்ஸபோன்களும் டிரம்பெட்டுகளும். இப்படிப் பல நிமிடங்கள் ஓடியபிறகே ஃபெலா வாயைத் திறப்பார். பெரும்பாலும் தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. எந்தக் கருவியும் இடத்தை நிரப்புவதற்காக இல்லை. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தடுமாறும். நான் முகத்தை முதலில் முடித்துவிட்டுப் பின்புலத்தை ஏதோ ஒரு நீலத்தால் மெழுகிக்கொண்டிருந்தவன். இந்த இசையைப் பழகியபிறகு கேன்வாஸின் மூலைகளிலிருந்து தொடங்குகிறேன். முகம் கடைசியில் வருகிறது. லெமியின் அட்டைகளில் நெரிசலாக ஆட்களும் எழுத்துகளும் இருப்பதற்கும் இந்த நீளம் ஒரு காரணமாக இருக்கலாம். பாட்டு ஓடும் கால்மணி நேரமும் கேட்பவர் கையில் அந்தப் பன்னிரண்டு அங்குல அட்டை இருக்கிறது. இன்று கைப்பேசியில் தபால்தலை அளவில் அதைப் பார்ப்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இது ஆபத்தில்லாத வேலையும் அல்ல. 'ஜாம்பி' பாட்டு, சொன்னதைச் சொன்னபடி செய்யும் சிப்பாய்களை அணிவகுப்புக் கட்டளைகளாலேயே நையாண்டி செய்தது. 1977 பிப்ரவரி 18 அன்று நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் ஃபெலாவின் வீட்டைத் தாக்கி எரித்தார்கள். அவருடைய தாய் ஃபுன்மிலாயோ ரன்சம்-குட்டியை ஜன்னல் வழியே வீசினார்கள். அந்த அம்மையார் மறு ஆண்டு இறந்துபோனார். 'ஜாம்பி'க்கு அட்டை செய்தவரும் லெமிதான்.

ஃபெலாவைத் தூரத்திலிருந்து பார்த்த ஓவியரும் உண்டு. அமெரிக்கரான பார்க்லி ஹெண்ட்ரிக்ஸ் 2002இல் அவரைப் புனிதரைப் போலத் தலையைச் சுற்றித் தங்க வட்டத்துடன் வரைந்தார். படத்தின் முன்னால் தரையில் 27 ஜோடிப் பெண்கள் காலணிகள். 1978இல் ஃபெலா ஒரே சடங்கில் மணந்த 27 பெண்களை நினைவூட்டும் எண் அது. அந்த மனிதரைக் கும்பிடும் படமா, குற்றம் சாட்டும் படமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. இரண்டுக்கும் இடம் வைத்திருப்பதால்தான் அதை மதிக்கிறேன். இசை நம்மை ஆட்டிவைக்கும்போது இசைக்காரனுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிடுகிறோம். ஹெண்ட்ரிக்ஸ் அப்படிச் செய்யவில்லை.

'உணர்ச்சி போதாதா, வரிகள் எதற்கு?' என்று சிலர் கேட்கிறார்கள். தன் மொழி எல்லையைத் தாண்டியும் புரியவேண்டும் என்றுதான் ஃபெலா தன் தாய்மொழியான யொரூபாவை விட்டு, பல மொழிக்காரர்களும் பேசும் கலப்பு ஆங்கிலமான பிட்ஜினில் பாடத் தொடங்கினார். புரியவைக்க அவ்வளவு பாடுபட்டவரின் பாட்டில் தாளத்தை மட்டும் உருவிக்கொண்டு நாலு வண்ணத்தை வீசுவது எந்த ஊர் நியாயம்?

வரையும்போது பின்னணியில் என்ன ஆப்பிரிக்கப் பாட்டு போடலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு: எதையும் போடாதீர்கள். முதலில் 'யெல்லோ ஃபீவர்' அட்டையைப் பெரிய திரையில் திறந்து வைத்து, பக்கத்தில் வரிகளை வைத்துக்கொண்டு, தூரிகையைத் தொடாமல் பாட்டை முழுதாகக் கேளுங்கள். மறுநாள் சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து வரையுங்கள்.