எதில் மூன்று மடங்கு?

நேற்று ராத்திரி டிவியில், பரந்தூர் விமான நிலையத்துக்கு எடுக்கும் நிலத்தின் இழப்பீடு பற்றிய விவாதம் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "மூன்று மடங்கு கொடுத்தும் போதவில்லை என்றால் அது பேராசை" என்று நிலம் இழக்கிற விவசாயிகளைச் சொன்னார் அதில் பேசிய ஒருவர். நெறியாளரும் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எதில் மூன்று மடங்கு? 2013 நில எடுப்புச் சட்டப்படி, பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு, அக்கம்பக்கத்தில் மூன்று வருடங்களில் நடந்த கிரையங்களில் விலை உயர்ந்த பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அதுதான் அடிப்படை. கிராமத்து நிலமென்றால் அதைப் பெருக்குவது, விருப்பமில்லாமல் நிலம் போவதற்காகச் சேர்க்கும் நூறு சதவீத ஆறுதல் தொகை எல்லாம் அதன்மேல்தான். அடிப்படையே குறைவென்றால் எத்தனை மடங்கு போட்டும் என்ன? வழிகாட்டி மதிப்பை வைப்பது யார்? நிலத்தை எடுக்கிற அதே அரசு. 2017 ஜூனில் தமிழ்நாடு முழுக்க அதை 33 சதவீதம் குறைத்தார்கள். பழைய அளவுக்கு ஏற்றியது 2023இல். நடுவில் மண் என்ன தரம் கெட்டுப் போனதா?

"பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதியது நீங்கள்தானே?" என்று சிலர் கேட்பீர்கள். எழுதினார்கள், உண்மைதான். எழுதியது வாங்கியவரும் விற்றவரும். தாத்தா காலத்திலிருந்து விற்காமல் உழுதவர் எந்தப் பத்திரத்தில் எதைக் குறைத்தார்? பக்கத்து வயல்காரர் மிச்சம் பிடித்த முத்திரைக் கட்டணத்துக்கு இவர் நிலத்தின் விலை குறைகிறது.

எங்கள் அப்பா நிலத்தைப் புறவழிச்சாலைக்கு எடுத்தபோது 1894 சட்டம். ஆறுதல் தொகை 30 சதவீதம். ரோடு நிலத்துக்கு நடுவில் போனது. கிணறு கிழக்கே, மிச்ச வயல் மேற்கே. இப்படித் துண்டானால் அதற்குத் தனியாக நஷ்டம் தர வேண்டும் என்று அந்தப் பழைய சட்டத்திலேயே இருந்தது. அவார்டில், அதாவது இழப்பீட்டு உத்தரவில், அதற்கு ஒரு பைசா இல்லை. கேட்கப் போனவரிடம், "மிச்ச நிலம் ரோட்டு மேல வந்துடுச்சே பெரியவரே, விலை ஏறுமில்ல" என்றார்கள். அந்த ஏற்றத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் சட்டம்தான். கோர்ட்டுக்குப் போனோம், தொகையைக் கூட்டினார்கள். அதை வாங்க அப்பா இல்லை. அவரைப் பேராசைக்காரர் என்றால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

"விமான நிலையம் வேண்டாமா?" வேண்டும், சரி. அதனால் விலையைக் குறைக்கலாமா?

குத்தகைக்கு உழுபவர், களையெடுக்கப் போகும் பெண்கள், இவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகத்தான் 2013 சட்டம் சேர்க்கிறது. ஒரு மணி நேர விவாதத்தில் இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2023 ஜூலையில் நெய்வேலி பக்கம் வளையமாதேவியில் பச்சை நெற்பயிருக்குள் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.காரர்கள் இயந்திரத்தை இறக்கினார்கள். ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது உயர் நீதிமன்றம். அது எப்போதோ எடுத்த நிலம்தானே என்றார்கள். இருக்கட்டுமே, அறுக்கும் வரைக்கும் பொறுக்க முடியாதா? நாற்று நட்டவர் கண்ணெதிரே அதை மிதித்துவிட்டு என்ன ரேட் பேசுகிறீர்கள்!

2013 சட்டப்படி நிலம் எடுப்பதாக நோட்டீஸ் வந்திருப்பவர்கள் கவனியுங்கள். தொகை குறைவென்று நினைத்தால், "ஆட்சேபணையுடன் பெறுகிறேன்" என்று எழுதாமல் பணத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதாமல் வாங்கிவிட்டால், கூட்டிக் கேட்கும் உரிமை போய்விடும். அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தால், அன்றிலிருந்து ஆறு வாரத்துக்குள் தொகையைக் கூட்டக் கேட்டு கலெக்டரிடம் மனு கொடுத்துவிடுங்கள்.