தெர்த்துல்லியனின் ஒரு சொல்லும் அடுத்த வரியும்

கிறிஸ்தவ வழிபாட்டில் அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணையைப் பற்றிய வாதம் எழும்போதெல்லாம், ஆதித் திருச்சபையின் இலத்தீன் எழுத்தாளரான தெர்த்துல்லியனின் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருவோர் உண்டு. மார்சியோனுக்கு எதிராக எழுதிய நூலின் நான்காம் பகுதியில் அவர், "இது என் உடல்" என்னும் ஆண்டவரின் வாக்கை, "அதாவது என் உடலின் உருவம்" என்று விளக்குகிறார்; இலத்தீனில் அச்சொல் 'ஃபிகூரா'. இதைக் காட்டி, ஆதித் திருச்சபைக்கு அப்பம் வெறும் அடையாளமே என்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அந்த 'வெறும்' தெர்த்துல்லியன் எழுதியதன்று, நாம் சேர்த்தது.

கிறிஸ்துவுக்கு மெய்யான மாம்சம் இல்லை, இருந்தது தோற்றமே என்றவர் மார்சியோன். அவருக்குப் பதிலாகத்தான் தெர்த்துல்லியனின் அடுத்த வரி வருகிறது: மெய்யான உடல் ஒன்று இருந்தாலொழிய அதற்கு உருவம் இருக்க முடியாது, மாயத்தோற்றத்துக்கு உருவம் ஏது? ஆக, இங்கே 'உருவம்' உடலை மறுக்கும் சொல்லன்று, உடலுக்குச் சாட்சி சொல்லும் சொல். அதே வேளையில், 1215-ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கம் சொன்ன பொருள்மாற்றத்தை, அதாவது அப்பத்தின் உட்பொருளே கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது என்னும் போதனையை, இந்த வரியில் தேடும் எங்கள் கத்தோலிக்க நண்பர்களும் அவர் கேட்காத கேள்விக்கு அவரிடம் விடை வாங்குகிறார்கள்.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொல்லப்படுவதற்காக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார், சிமிர்னா சபைக்கு எழுதிய கடிதத்தில் எதிர்கொண்டவர்களும் இத்தகைய தோற்றவாதிகளே. நற்கருணை மீட்பரின் மாம்சம் என்று ஒப்புக்கொள்ளாததால் அவர்கள் அதிலிருந்து விலகி நிற்கிறார்கள் என்கிறார் அவர்.

நான்காம் நூற்றாண்டு எருசலேமில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்கு ஆற்றப்பட்டு, அந்நகர ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் உரைகள் எனக்கு இன்னும் தெளிவு தருகின்றன. அப்பத்தின் சாயலில் உடல் தரப்படுகிறது என்று அங்கே சொல்லப்படுகிறது. சாயல் என்று நான் எழுதுவது கிரேக்கத்தில் 'தூபோஸ்'. அதே போதகர், இடக்கையை வலக்கைக்கு அரியணையாக்கி, உள்ளங்கையைக் குழித்து வாங்கச் சொல்கிறார். பிறகு, பொன்துகளை யாராவது கையில் கொடுத்தால் ஒரு துகளும் சிந்தாமல் எவ்வளவு கவனமாகப் பிடித்திருப்பீர்கள் என்று கேட்டு, அதைவிட விலையுயர்ந்ததில் ஒரு துணுக்கும் விழக்கூடாது என்று எச்சரிக்கிறார். சாயல் என்று சொன்ன வாய்தான் துணுக்குக்கும் பதறுகிறது; அவருக்கு இரண்டும் முரணாகப் படவில்லை.

வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் அடையாளத்தை இன்னொரு பக்கம் திருப்புகிறார். தம் 272-ஆம் மறையுரையில், பல தானியங்கள் அரைபட்டு, திருமுழுக்கின் நீரில் பிசையப்பட்டு, தூய ஆவியின் நெருப்பில் வெந்து ஒரே அப்பமான கதையைச் சொல்லி, மேசையில் இருக்கும் மறைபொருள் நீங்கள்தான் என்று சபையைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். "கிறிஸ்துவின் உடல்" என்று கேட்டு "ஆமென்" என்கிறாய் அல்லவா, அந்த ஆமென் உண்மையாகும்படி நீ அவ்வுடலின் உறுப்பாயிரு என்பது அவர் சொன்னது.